கடலோரத்தில் ஓடத் தொடங்குவது எப்படி: எடை குறைக்க நினைப்பவர்களுக்கு ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

உடம்பு கனத்துப்போன ஒருவர் ஓட முடிவெடுத்தால் முதல் நாள் நடப்பது அநேகமாக ஒன்றுதான். ஷூவை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், பள்ளிக்கூட நினைப்பில் விரட்டி ஓடுவார். இருநூறு மீட்டரில் மூச்சு முட்டும். மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நாலாம் நாள் முழங்கால் வலி. அதோடு ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடும், நமக்கு ஓட்டம் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் பேச்சும் ஆகிவிடும். குறை ஓட்டத்தில் இல்லை. வேகம் அதிகம், தரை தப்பு, அவ்வளவுதான்.

இந்தக் கரையில் அந்தத் தப்பைச் செய்வது இன்னும் சுலபம். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று அந்தப் பக்கமும், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று இந்தப் பக்கமும் நிலம் தட்டையாகக் கிடக்கிறது. பார்க்க ஓடுவதற்கென்றே போட்டது மாதிரி இருக்கும். ஆனால் காற்றும் புழுக்கமும் மணலும் சேர்ந்து, நேற்று சுலபமாக இருந்த இரண்டு கிலோமீட்டரை இன்று மலையேற்றம் ஆக்கிவிடும். அதனால் தூரத்தை மறந்துவிடுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு நிமிடம்தான் கணக்கு.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்

நாற்பது வயதைத் தாண்டி, பல வருடமாக உடற்பயிற்சியே இல்லாதவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறவர்கள். காரணமில்லாமல் மயங்கி விழுந்தவர்கள். அப்பா, அண்ணன் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்த வீட்டினர். இவர்கள் ஓடுவதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. ரத்த அழுத்தத்தையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல்தான் அடையாளம். மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். சர்க்கரைக்காரர்கள் மணலில் வெறுங்காலோடு ஓடவே கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் கிளிஞ்சல் கிழித்தது ராத்திரிதான் தெரியும்.

உடல் நிறை குறியீடு (BMI, எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண்) 35-க்கு மேல் இருந்தால், அல்லது முழங்கால் ஏற்கெனவே வலித்தால், கீழே சொல்லும் திட்டத்துக்கு முன் ஆறிலிருந்து எட்டு வாரம் வெறும் நடை. நம் ஊர் உடம்புக்கு இந்தக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எடை கூடுதல், 25-ஐத் தாண்டினால் பருமன் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை. தையல்காரர் டேப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடை மெஷினை விட அது உண்மை பேசும்.

எடை எங்கே குறைகிறது

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் ஓடினால் இரண்டு மாதத்தில் மனசு விட்டுப்போகும். ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 80 கிலோ ஆள் 3 கிலோமீட்டர் ஓடினால் 240 கலோரி. உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. அப்படியானால் ஓட்டத்தால் மட்டும் ஒரு கிலோ குறைய 96 கிலோமீட்டர் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் வாரத்துக்கு எட்டு கிலோமீட்டர் ஓடினாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் ஒரு கிலோவுக்கு மூன்று மாதம் ஆகும்.

எடையைக் குறைப்பது பெரும்பாலும் சாப்பாடுதான். குறைந்த எடை திரும்பி ஏறாமல் பிடித்து வைப்பதும், சதை கரையாமல் கொழுப்பு கரைய உதவுவதும், சர்க்கரையையும் அழுத்தத்தையும் இறக்குவதும் ஓட்டத்தின் வேலை. ஓடிவிட்டு வரும் வழியில் டீக்கடையில் இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் 300-லிருந்து 350 கலோரி. ஓடியதற்கு மேல் நூறு கலோரி லாபம், கடைக்காரருக்குக் காசும் லாபம். ராத்திரி பரோட்டா என்றால் சால்னா சேர்க்காமலே ஒன்றுக்கு 250-லிருந்து 300.

நாளைக்கு 400 முதல் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக்கிலோ இறங்கும். பட்டினி தேவையில்லை. நாலு வேளை டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறவர் அதை நிறுத்தினாலே 160 கலோரி போய்விடும். மதியம் 400 கிராம் சோறு சாப்பிடுகிறவர் அதை 250 ஆக்கினால் இன்னொரு 195. ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள். அளவு கண்ணுக்குப் பிடிபட்டுவிடும், பிறகு தராசு வேண்டாம். பொரித்த மீனுக்குப் பதில் குழம்பு மீன் என்றால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது நூற்றுச் சொச்சம் கலோரி மிச்சம். மூன்றையும் கூட்டுங்கள், கணக்கு முடிந்தது.

கருப்பட்டிக்கு மாறினால் எடை குறையும் என்று சொல்வார்கள். ருசிக்குக் கருப்பட்டி சரி. கலோரி சீனிக்குச் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதநீரும் அப்படித்தான், நூறு மில்லியில் பத்து கிராமுக்கு மேல் இனிப்பு இருக்கும். சீசனில் ஒரு டம்ளர் குடிப்பதில் தப்பில்லை, ஆனால் தாகத்துக்குக் குடிக்கும் பானமாக எண்ண வேண்டாம். கீழக்கரை தொதல் தேங்காய்ப்பாலும் இனிப்பும் நெய்யும் சேர்ந்தது. விரல் அளவு ஒரு துண்டு போதும்.

புரதம் மட்டும் குறையக் கூடாது. குறைந்தால் கொழுப்போடு சதையும் கரையும், பசியும் அடங்காது. 80 கிலோ ஆளுக்கு நாளைக்கு 80 முதல் 100 கிராம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவுதான். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. சாளை, சூடை, நெத்திலி, முள் நீக்கிய சதையாக 150 கிராம் சாப்பிட்டால் 30 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும். இரண்டு முட்டை 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 14. மீதி பருப்பிலும் தயிரிலும் சோற்றிலும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது, விலை ஏறும். அப்போது நாட்டுப்படகு கொண்டுவரும் சின்ன மீனும் முட்டையும் கைகொடுக்கும். கருவாட்டில் புரதம் உண்டு, உப்பும் உண்டு. ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்து, காலையில் மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டும். அது கொழுப்பு இல்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டைத் தள்ளியே வைக்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரம் எடை அசையாமல் நிற்கலாம், கொஞ்சம் ஏறவும் செய்யலாம். பழக்கமில்லாத தசை தன்னைச் சரிசெய்துகொள்ளத் தண்ணீர் பிடித்துவைப்பதால் வருவது அது. தினமும் ஒரே நேரத்தில், கழிவறை போய்வந்த பிறகு எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் எழுதி வையுங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஓடினால் அடிபடும்.

ஷூவும் உடுப்பும்

ஓட்டத்துக்கென்று செய்த ஷூ வேண்டும். கான்வாஸ் ஷூ, கிரிக்கெட் ஷூ, தடித்த அடியுள்ள ஃபேஷன் ஷூ எதுவும் ஆகாது. சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் விரிந்திருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். கையில் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வாங்காதீர்கள். ஒரு ஜோடி 500-லிருந்து 800 கிலோமீட்டர் உழைக்கும். எடை கூடுதலானவர்கள் 500 என்றே வைத்துக்கொள்ளலாம். மேலே புதுசு போல இருந்தாலும் உள்ளே பஞ்சு செத்திருக்கும்.

கடல் தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, உள்தட்டை உருவி, பழைய தினமலரோ தினத்தந்தியோ கசக்கி உள்ளே திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் பசை விட்டுப்போகும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு வம்பு உண்டு, சீமைக்கருவேல முள். அடித்தட்டில் ஏறியது முதல் நாள் தெரியாது. அடிமேல் அடி வைக்க வைக்க உள்ளே நகர்ந்து, மூன்றாம் நாள் பாதத்தில் குத்தும். ஓடி முடித்ததும் ஷூவைக் கவிழ்த்து, கட்டைவிரலால் அடித்தட்டைத் தடவிப் பாருங்கள். நெருடினால் குறடு வைத்துப் பிடுங்குங்கள். நகத்தால் கிள்ளினால் நுனி உள்ளேயே ஒடிந்துவிடும். காலில் ஏறிவிட்டால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்துக் கொப்புளம் போடும். பாலியெஸ்டர் கலந்தது வாங்குங்கள். தொடை இடுக்கு உரசுகிறவர்களுக்கு இங்கே உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து தோல் வெந்துபோகும். ஓடுமுன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள், டிராக் பேண்டுக்குள் தொடை வரை இறுக்கமான உள்ளாடை போடுங்கள்.

பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்த செலவு ஸ்போர்ட்ஸ் பிரா; இரண்டு வேண்டும், ஈரத்தோடு திரும்பப் போடக்கூடாது. சுடிதாரோடு ஓடலாம், துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டி முடிந்துகொண்டால் காற்றில் முகத்தில் அடிக்காது. பர்தாவோடு ஓடுகிறவர்கள் லேசான துணியாக, கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி தைத்துக்கொண்டால் தடுக்காது. சீக்கிரம் மூச்சு வாங்குவதும் ஓயாத அசதியும் இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பிள்ளை பெற்றவர்கள் குறைந்தது மூன்று மாதம் போகட்டும்.

நேரம், காற்று

ஜூன் மாதம் ஆறு மணிக்குச் சற்று முன்னால் விடிந்துவிடும். ஜனவரியில் ஆறரை தாண்டித்தான் சூரியன். கோடையில் ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் ஆறுக்குள் முடித்துவிடலாம். ஏழு மணிக்கு ஆரம்பிப்பது வீண். இங்கே வெயிலை விடப் புழுக்கம்தான் எதிரி. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சொட்டும். காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்பி, காலுக்கும் அனுப்பித் திண்டாடும். போன வாரம் சுகமாக ஓடிய வேகத்தில் இந்த வாரம் நெஞ்சு படபடத்தால், வானிலையைக் குறை சொல்லுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

தலை சுற்றல், மயிர்க்கூச்சம், குமட்டல் வந்தால் அங்கேயே நின்று நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பேச்சு குழறினாலோ ஆள் தெரியாமல் பேசினாலோ 108-க்கு அழையுங்கள்; வண்டி வரும் வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

காற்றைப் பற்றி மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்பது மொபைலைப் பார்ப்பதை விட நல்லது. வைகாசி பிந்தியதிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை கச்சான். தென்மேற்கிலிருந்து வருவதால் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும். வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், அமர்ந்திருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வந்தால் தலைகீழ். ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அரை மணி நேரத் தூரத்துக்குள் இரண்டு கடலும் இருக்கிறது, கச்சானில் வடகரை, வாடையில் தென்கரை என்று மாறிக்கொள்ளலாம். எந்தக் காலமானாலும் காற்று எழும்புமுன் முடிப்பது உத்தமம்.

போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று வரும்படி பாதை பிடியுங்கள். மாற்றிச் செய்தால் சந்தோஷமாக வெகுதூரம் போய்விட்டு, களைத்த காலோடு காற்றைக் குத்திக்கொண்டு வர வேண்டியிருக்கும். இதில் ஒரு நுணுக்கம்: பின்காற்று உங்கள் வேகத்திலேயே வருவதால் உடம்பில் காற்றே படாது, புழுங்கும். திரும்பும் பாதியில்தான் தண்ணீர் தேவைப்படும்.

எந்தத் தரையில்

வறண்ட பொதிமணலில் ஓடுவது கெட்டித் தரையை விட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி கேட்கும். அப்படியானால் எடை சீக்கிரம் குறையுமே என்று தோன்றும். குறையாது, கெண்டைக்காலும் குதிநரம்பும் முதலில் போய்விடும். குதிகால் புதைந்து, ஒவ்வொரு அடியிலும் நரம்பு இழுபடும். முதல் மூன்று மாதம் பொதிமணல் பக்கம் போக வேண்டாம்.

அலை நனைத்த ஈரமணல் பரவாயில்லை, ஆனால் சரிவு. கடல் பக்கத்துக் கால் தாழ்ந்தே இருக்கும், அந்தப் பக்கம் இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்கும். எத்தனை நிமிடம் போனீர்களோ அத்தனை நிமிடம் அதே கரையில் திரும்பி வாருங்கள், இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். வெறுங்காலில் ஓட ஆசை என்றால் கடைசி ஐந்து நிமிடம் மட்டும், அதுவும் வெளிச்சம் வந்த பிறகு. மணலில் தூண்டில் முள், அறுந்த வலை, உடைந்த பாட்டில், காற்று ஒதுக்கிய சொறி (ஜெல்லி மீன்), திருக்கை முள் எல்லாம் கிடக்கும். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிறு முழங்கால் உயரத்தில் விறைத்து நிற்கும், அரை இருட்டில் கண்ணுக்கே தெரியாது. வலைக்காரர்களைக் கண்டால் நடந்து, கயிற்றின் மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

நல்லது கெட்டியான மண் தரைதான். பள்ளிக்கூட மைதானம், ராமநாதபுரத்தில் இருப்பவர்களுக்கு சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்கம், அரியமான் பக்கம் சவுக்கு மர நிழலில் கெட்டிப்பட்ட மண். அடுத்தது தார் ரோடு. சிமெண்டும் பேவர் கல்லும் கடைசி. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் பாதை தட்டையாக இருக்கும், விடிந்துவிட்டால் கண் கூசும், ஒதுங்க நிழல் இருக்காது. பாம்பன் பாலம் படத்துக்கு அழகு. எதிர்க்காற்றும், வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்க்கும் கூட்டமுமாக ஓட லாயக்கில்லை.

ரோட்டில் ஓடினால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை மீன் வண்டிகளுக்கு அவசரம் அதிகம். வெளிர் நிறச் சட்டை போடுங்கள், காதில் பாட்டு வேண்டாம். நாய் துரத்தினால் ஓடக் கூடாது. நின்று, கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் நடந்து விலகுங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியை முழுத் தவணையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஒவ்வொரு தடவையும் முன்னால் ஐந்து நிமிடம் நடை, பின்னால் ஐந்து நிமிடம் நடை. மொபைலில் நேரம் பார்த்தால் போதும், வாட்ச் வாங்க வேண்டாம்.

1, 2-ஆம் வாரம்: நடை மட்டும், 30 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். கடைசிப் பத்து நிமிடம் கை வீசி வேகமாக.
3: அரை நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, பத்து தடவை.
4: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு தடவை.
5: ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, ஒன்பது தடவை.
6: இரண்டுக்கு இரண்டு, ஆறு தடவை.
7: மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஐந்து தடவை.
8: ஓய்வு வாரம், ஆறாம் வாரத்ததை நாலு தடவையோடு நிறுத்துங்கள்.
9: ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நடை, நாலு தடவை.
10: எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நடை, மூன்று தடவை.
11: பன்னிரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நடை, இரண்டு தடவை.
12: பதினைந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி பத்து நிமிடம்.

எட்டாம் வாரத்தைப் பலர் தாண்டிப் போகப் பார்ப்பார்கள், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறதே என்று. அந்த நேரம்தான் ஆபத்து. இதயமும் நுரையீரலும் சில வாரத்திலேயே தேறிவிடும். எலும்பும் நரம்பும் பழக மாதக்கணக்கு ஆகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 90 கிலோ ஆளுக்கு அது 200 கிலோவுக்குப் பக்கம். மூச்சு தயார் என்கிறபோது கணுக்கால் இன்னும் தயாராகியிருக்காது.

ஒரு வாரத்தின் மூன்றாவது ஓட்டமும் சிரமமாகவே இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். பன்னிரண்டு வாரம் பதினெட்டு ஆனால் ஒன்றும் குடி முழுகாது.

எவ்வளவு மெதுவாக

ஓடிக்கொண்டே ஒரு குறளை, ஏழு சீரும் அறுபடாமல், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாலாம் சீரில் மூச்சு இழுத்தால் வேகம் கூடுதல். பக்கத்தில் விறுவிறுவென்று நடக்கிறவர் உங்களை முந்திப் போகலாம், போகட்டும். ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் ஆனாலும் அது ஓட்டம்தான்.

காலடி சின்னதாக, இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். எட்டி வைத்தால் குதிகால் முன்னால் குத்தி, முழங்கால் பிரேக் போடும். அரை நிமிடத்தில் வலது கால் எத்தனை தடவை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். நாற்பதை ஒட்டி இருந்தால் சரி, முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் எட்டி வைத்து ஓடுகிறீர்கள். தோள் காதுப் பக்கம் ஏறாமல், கை முட்டி மடங்கி, விரல் தளர்ந்திருக்கட்டும். மூச்சை மூக்கிலும் வாயிலும் எப்படி வருகிறதோ அப்படி விடுங்கள். அதற்கு ஒரு சாத்திரம் தேவையில்லை.

ஓடாத இரண்டு நாளில் பதினைந்து நிமிடம் காலுக்குப் பலம் சேர்க்க வேண்டும். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி மெதுவாக இறக்குவது, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்குவது. ஒவ்வொன்றும் பன்னிரண்டு, இரண்டு சுற்று. பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் அரை நிமிடம் நில்லுங்கள்.

வலித்தால்

பத்துக்கு மூன்று மார்க் அளவு வலி, மறுநாள் காலையில் போய்விட்டால் ஓடலாம். நடையே கோணலாகும் வலியோடு ஓடக் கூடாது.

முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுக வலித்தால் நேரத்தைச் சட்டென்று கூட்டியிருப்பீர்கள், அல்லது ஷூ செத்திருக்கும். ஒரு வாரம் நடை மட்டும், பிறகு இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். முழங்கால் சிப்பியைச் சுற்றி, படி இறங்கும்போது வலித்தால் காலடியைச் சின்னதாக்கி, நாற்காலிப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள், கெண்டைக்காலைச் சுவரில் சாய்ந்து இழுத்துவிடுங்கள், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் ஐந்து நிமிடம் உருட்டுங்கள்.

ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி எலும்பில் ஓர் இடம் மட்டும் வலித்து, அந்தக் காலில் குதித்தால் துடித்தால், அது எலும்பு விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு; வலி நிற்கவில்லை என்றால் மறுபடி போக வேண்டும். நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ அழுத்தம் வந்தால் அது ஓட்டத்து வலி இல்லை, உடனே மருத்துவமனை.

தண்ணீர்

கிளம்புவதற்கு முன் இரண்டு டம்ளர். அரை மணி ஓட்டத்துக்கு நடுவில் தேவைப்படாது, கோடையில் அரை லிட்டர் பாட்டில் கையில் இருக்கட்டும். எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிய ஒரு நாள் ஓடுமுன்னும் ஓடிய பின்னும் உடம்பைத் துடைத்து எடை பாருங்கள். குறைந்தது அத்தனையும் தண்ணீர். அரைக்கிலோ குறைந்தால் அடுத்த சில மணி நேரத்தில் முக்கால் லிட்டர் போல உள்ளே போக வேண்டும். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் இதற்கு நல்லவை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஆனால் வியர்வையில் நாம் இழக்கும் உப்பு அதில் குறைவு. மேலே ஒரு கல் உப்பு சேர்த்தால் சரியாகும். எடை குறைக்கிறவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் பானம் வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

அதற்கப்புறம்

அரை மணி நேரம் நிற்காமல் ஓட வந்துவிட்டால், வாரத்தில் ஒரு ஓட்டத்தை மட்டும் ஐந்தைந்து நிமிடமாக நீட்டுங்கள். மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும். இந்தக் கரையில் ஓடிப் பழகியவர்களுக்கு, ராமேஸ்வரம் தீவில் தனுஷ்கோடி வழியாக, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகும் 9.5 கிலோமீட்டர் ரோட்டின் மேல் ஒரு கண் இருக்கும். 2017-இல் திறந்த ரோடு, இரண்டு பக்கமும் கடல். நிழலும் கிடையாது, நம்பிப் போகத் தண்ணீரும் கிடையாது. கச்சான் காலத்தில் மணல் ரோட்டை மூடி முகத்தில் அறையும். சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். தை, மாசியில், சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி வரை ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடி, தண்ணீரோடு ஒருவர் பைக்கில் கூட வந்து, திரும்பும்போது வண்டியில் வருவது முதல் தடவைக்குச் சரியான அளவு.

நோன்பு மாதத்தில் முன்னேற்றம் வேண்டாம், இருக்கும் அளவைக் காப்பாற்றினால் போதும். நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து ஓடலாம். முடியாவிட்டால் நோன்பு திறக்க அரை மணி இருக்கும்போது லேசான நடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட வாரத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரம் விட்டால் இரண்டு வாரம் பின்னால் போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் நாலாம் வாரத்திலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டாம் தடவை அவ்வளவு நாள் பிடிக்காது. காய்ச்சல் விட்டு முழுதாக ஒரு வாரம் ஆகாமல் ஓடக் கூடாது, டெங்கு, சிக்குன்குனியா என்றால் டாக்டர் சொன்ன பிறகுதான்.